புது வீடு வாங்கப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

நான் சிவில் இன்ஜினியர். சென்னைப் புறநகரில் புது வீடு வாங்குபவர்களுக்காக நேரில் போய்ப் பார்த்துச் சொல்வது என் வேலை.

அண்ணா, ஊரப்பாக்கத்தில் புதுத் தனி வீடு பார்த்திருக்கிறோம். எதிலிருந்து ஆரம்பிப்பது?

பிளானிலிருந்து. பில்டர் காட்டும் கலர் படம் இல்லை, முத்திரையும் எண்ணும் உள்ள அப்ரூவ்டு பிளான். மனைப்பிரிவுக்கு சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் தனி, கட்டடத்துக்கு அனுமதி தனி, இரண்டும் வேண்டும். அப்புறம் டேப்போடு வீட்டைச் சுற்றி வாருங்கள், பக்கவாட்டில் பிளானில் எத்தனை அடி காலி இடம் விட்டிருக்கிறார்கள், நேரில் எத்தனை என்று எழுதிக்கொள்ளுங்கள். போன மாதம் நான் பார்த்த வீட்டில் பிளானில் கார் நிறுத்தும் இடம், நேரில் அங்கே ஏசி மாட்டிய படுக்கையறை! சொத்தின் மேல் கடன், விற்பனை ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று 30 வருட வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், மூலப்பத்திரத்தின் (சொத்தின் பழைய பத்திரம்) அசலைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

வங்கி லோன் ஓகே ஆகிவிட்டது சார், அப்போ பத்திரமெல்லாம் சரிதானே?

இல்லை. வங்கி வக்கீல் வங்கியின் பணத்துக்காகப் பார்க்கிறார். உங்களுக்கென்று ஒரு வக்கீல் வையுங்கள்.

நான் மேஸ்திரி. ஓரடி தள்ளிக் கட்டாத வீடு எங்கே இருக்கிறது? சும்மா பயமுறுத்தாதீர்கள்.

நிறைய வீடுகள் அப்படித்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிளானை மீறியதற்கு நோட்டீஸ் வரும் நாளில் வீடு யார் பெயரில் இருக்கும்? வாங்கியவர் பெயரில். அந்த ஓரடி போனால் பக்கத்து ஜன்னலுக்கு வெளிச்சம் போகும், பின்னால் ஒரு பைப் உடைந்தால் ஆள் நுழைந்து சரிசெய்ய முடியாது.

அப்போ நடுத்தரக் குடும்பம் வீடே வாங்கக் கூடாதா?

வாங்கட்டும், தெரிந்து வாங்கட்டும் என்கிறேன். இருபது வருடம் தவணை கட்டப்போகிறவருக்கு அந்த ஓரடியை முன்கூட்டியே சொல்லுங்கள் மேஸ்திரி, விலை பேசும்போது அவர் கையிலும் ஏதாவது இருக்கட்டும்.

பாத்ரூம் ஒழுகுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வடிகாலைத் துணியால் அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள், மறுநாள் கீழ்த்தளத்துக் கூரையில் ஈரம் தெரிகிறதா பாருங்கள். துணியை எடுத்ததும் தண்ணீர் மூலையில் தேங்காமல் ஓட வேண்டும். டைல்ஸை நாணயத்தால் தட்டுங்கள், டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம் வந்தால் அடியில் கலவை பிடிக்கவில்லை.

தனியார் வங்கியில் லோன் கிடைத்திருக்கிறது, இனி எதுவும் பார்க்க வேண்டாமே?

மேலே சொல்லிவிட்டேன். எந்த வங்கியானாலும் அதே பதில்தான்.

வாசல் தெற்கு பார்த்து இருக்கலாமா?

வாஸ்து எனக்குத் தெரியாது அம்மா.

குடிவந்து 14 மாதம், பில்லரும் சுவரும் சேரும் இடத்தில் நேராக விரிசல். ஃபிளாட், ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவானது.

கான்கிரீட்டும் செங்கல்லும் ஒரே மாதிரி சுருங்காது, பூச்சுக்கு முன் அங்கே கம்பி வலை அடிக்காமல் விட்டால் இப்படித்தான் வரும். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி நீண்டாலோ, பீமில் சாய்வாக ஓடினாலோ ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். 2016 ரெரா சட்டத்தின் 14ஆவது பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறையைச் சுட்டிக்காட்டினால் 30 நாளில் பில்டர் உங்களிடம் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். போனில் சொல்லாதீர்கள். போட்டோவோடு கடிதம் எழுதி, பதிவு வசதியோடு ஸ்பீடு போஸ்டில் இந்த வாரமே அனுப்புங்கள்.