ஐரோப்பிய அரச குடும்பங்களின் வரலாற்றில் உங்கள் மனதில் நின்றவர் யார்?

மார்கரீட்டா தெரேசா. ஸ்பெயினை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்து இளவரசி. பெயர் தெரியாதவர்களுக்கும் முகம் தெரிந்திருக்கும். வெலாஸ்கெஸ் 1656-இல் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' ஓவியத்தின் நடுவில், தோழிப் பெண்கள் சூழ நிற்கும் அந்த ஐந்து வயதுக் குழந்தை.

வியன்னா போயிருந்தபோது அங்குள்ள கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் அவளுடைய படங்கள் மூன்றைப் பார்த்தேன். ரோஸ் நிற உடையில் சின்னக் குழந்தை, வெள்ளை உடையில் ஐந்து வயது, நீல உடையில் எட்டு வயது. மாட்ரிட்டில் வரைந்தவை வியன்னாவுக்கு ஏன் வந்தன? பெண் வளர்வதை மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டத்தான். மாப்பிள்ளை லியோபோல்ட், அவள் அம்மா மரியானாவின் கூடப்பிறந்த தம்பி. அதாவது தாய்மாமன்.

என் பாட்டி கட்டிக்கொண்டதும் தாய்மாமனைத்தான். "சொத்து வெளியே போயிடக்கூடாதுன்னு கட்டிவச்சாங்க" என்பார். ஹாப்ஸ்பர்க்குகளின் கணக்கும் இதேதான். அவர்களுடைய சொத்தில் நேப்பிள்ஸ், மெக்சிகோ, பெரு எல்லாம் அடக்கம்.

அவ்வளவும் வந்ததே பெரும்பாலும் கல்யாணத்தால்தான். 1477-இல் ஹாப்ஸ்பர்க் வம்சத்து மாக்சிமிலியன் பர்கண்டி நாட்டு வாரிசு மேரியை மணந்தார். 1496-இல் அவர்கள் மகன் பிலிப், ஸ்பெயின் இளவரசி ஹுவானாவை மணந்தார். இந்த இருவரின் மகன் ஐந்தாம் சார்லஸுக்கு எல்லாம் சேர்ந்து வந்தது. கல்யாணத்தால் வந்ததை இன்னொருவன் கல்யாணத்தால் கொண்டுபோய்விடுவானோ என்ற பயமும் கூடவே வந்தது. அவருக்குப் பின் குடும்பம் மாட்ரிட், வியன்னா என்று இரண்டாகப் பிரிந்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்தது. ஸ்பெயின் கிளையில் நடந்த 11 திருமணங்களில் 9 ரத்த உறவுக்குள் நடந்தவை.

மார்கரீட்டாவின் பெற்றோர் கதை இதைவிடக் கொடுமை. மரியானாவை முதலில் பேசி வைத்திருந்தது ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்பின் மகனுக்கு. அந்தப் பையன் 1646-இல் இறந்துவிட, 1649-இல் பிலிப்பே அவளை மணந்தார். அவருக்கு 44 வயது, அவளுக்கு 14. அவள் அவருடைய தங்கை மகள்.

அவர்களுக்கு 1661-இல் பிறந்த மகன் இரண்டாம் கார்லோஸ் பேசத் தொடங்கவே நான்கு வயதானது. பெற்றோரின் ரத்த உறவு எவ்வளவு நெருக்கம் என்பதை மரபியலாளர்கள் ஒரு எண்ணாகச் சொல்வார்கள். தாய்மாமன் கல்யாணத்தில் பிறக்கும் குழந்தைக்கு அது 0.125, அண்ணன் தங்கைக்குப் பிறந்தால் 0.25. கார்லோஸுக்கு 0.254 என்று 2009-இல் கணக்கிட்டார்கள். ஒரு கல்யாணத்தில் வந்த எண் இல்லை இது. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தது. இரண்டு முறை மணம் செய்தும் அவருக்குப் பிள்ளை இல்லை.

மார்கரீட்டா 1666-இல், 15 வயதில், வியன்னாவுக்கு மணப்பெண்ணாகப் போனாள். கல்யாணத்துக்குப் பிறகும் கணவரை 'மாமா' என்றே கூப்பிட்டாளாம். என் பாட்டியும் கடைசிவரை தாத்தாவை அப்படித்தான் கூப்பிட்டார். அதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நான்கு பிள்ளைகள் பெற்றாள், ஒரு மகள்தான் தங்கினாள். அடுத்ததைச் சுமந்திருக்கையில் 1673-இல் இறந்தாள். வயது 21.

தங்கிய மகள் மரியா அன்டோனியாவும் 23 வயதில் போய்விட்டாள். அவள் பெற்ற பையனைத்தான் கார்லோஸ் 1698-இல் தன் வாரிசாக அறிவித்தார். அடுத்த ஆண்டே, ஆறு வயதில், அவனும் இறந்தான். 1700-இல் கார்லோஸ் கண்ணை மூட, மறு ஆண்டு தொடங்கிய வாரிசுப் போர் 1714 வரை ஓடியது. அரியணை பிரான்ஸின் பூர்பன் வம்சத்துக்குப் போனது. இன்றைய மன்னர் ஆறாம் பெலிப்பே அந்த வம்சம்தான். அந்தப் போரில் 1704-இல் கைவிட்டுப்போன ஜிப்ரால்டர் இன்றும் பிரிட்டன் வசம்.

அருங்காட்சியகத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கப்புச்சின் துறவிகளின் தேவாலயம். அதன் நிலவறையில் ஹாப்ஸ்பர்க்குகளின் சவப்பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. அவளுடையதும் அங்கேதான். நீல உடையில் அவள் நின்ற படத்தைப் பார்த்த அதே மதியம், அந்தப் பெட்டியின் முன்னாலும் போய் நின்றேன்.