மண்ணுருண்டையும் மாவடுத் தண்ணீரும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் பாளையங்கோட்டைக் கூட்டத்தில், ஒரு கதாபாத்திரத்தின் நன்மை தீமைகளைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பது எழுத்தாளனின் வேலை அல்ல என்று பேசினீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை. 'குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்' என்று வள்ளுவரே எடைபோடச் சொல்லியிருக்கிறாரே?

நான் கேட்பதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. என் தாத்தா தாமிரபரணிப் பாசனத்து ஊர் ஒன்றில், 1980இல் அந்தப் பதவியே ஒழிக்கப்படும்வரை, ஊரின் நிலக் கணக்கு எழுதும் கணக்குப்பிள்ளையாக இருந்தார். ஒரு விதவையின் வயலைக் கொழுந்தன்மார் பிடித்துக்கொண்டபோது, ஒரு காசு வாங்காமல் ஆறு வருடம் கோர்ட்டுக்கு நடந்து மீட்டுக்கொடுத்தார். கொழும்புக்குப் பிழைக்கப் போன ஒருவரின் பத்து மரக்கால் விதைப்பாட்டு நிலத்தை வேறொருவர் பெயருக்கு மாற்றி எழுதியவரும் அவர்தான். அவரை வைத்து ஒரு நாவல் எழுத முயல்கிறேன். இரண்டையும் எழுதினால் வெள்ளையடித்ததாகும் என்கிறார் நண்பர். கெட்டதை எதற்கு எழுத வேண்டும் என்கிறாள் அத்தை. ஜெக்கிலும் ஹைடும் போல ஒரே உடம்பில் இரண்டு பேர் இருந்தார்கள் என்று எழுதிவிடலாமா?

ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

*

அன்புள்ள நண்பருக்கு,

குறளிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் காட்டும் 504ஆம் குறள் பொருட்பாலில், 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தில் இருக்கிறது. அரசன் ஒரு பொறுப்பை ஒருவனிடம் ஒப்படைக்குமுன் அவனை எப்படி ஆராய வேண்டும் என்பதே அங்கே பேச்சு. அரிய நூல்களைக் கற்றுக் குற்றமற்றவராய் விளங்குகிறவரிடமும் நுணுகிப் பார்த்தால் அறியாமை இல்லாமலிருப்பது அரிது என்று முந்தைய குறளில் சொல்லிவிட்டுத்தான், சரி, இருப்பதில் எது மிகுதி என்று பார்த்து எடுத்துக்கொள் என்கிறார். ஆள் எடுப்பவனுக்கு அதைவிட நல்ல யோசனை கிடையாது. ஆனால் நீங்கள் உங்கள் தாத்தாவுக்கு வேலை கொடுக்கப் போவதில்லை. அவர் பார்த்த வேலை முடிந்துவிட்டது. அதை அவர் எப்படிப் பார்த்தார் என்பது மட்டுமே இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

ஜெக்கில், ஹைடு விஷயத்தில் நாம் எல்லோருமே கதையைவிட அதன் பெயரைத்தான் அதிகம் நினைவில் வைத்திருக்கிறோம். 1886இல் வந்த ஸ்டீவன்சனின் அந்தக் கதையில், டாக்டர் ஜெக்கில் ஒரு மருந்தைக் குடிப்பதால் பிறக்கிற ஹைடு முழுக்கத் தீயவன் என்பது சரி. ஜெக்கில் முழுக்க நல்லவர் அல்லர். முன்பிருந்த அதே கலப்படமான மனிதராகவே அவர் கடைசிவரை இருக்கிறார், அதை அவரே ஒப்புக்கொள்ளவும் செய்கிறார். ரகசிய ஆசைகளை உறுத்தல் இல்லாமல் அனுபவிப்பதற்காகத்தான் பிரிக்கும் வழியையே அவர் தேடுகிறார். உங்கள் தாத்தாவை இரண்டாகப் பிரித்தால் நீங்கள் செய்வதும் அதுவாகத்தான் இருக்கும்: விதவைக்காகக் கோர்ட்டுக்கு நடந்தவரை வீட்டில் வைத்துக்கொண்டு, நிலத்தை மாற்றி எழுதியவரைத் தெருவில் விட்டுவிடுவீர்கள்.

நம்மிடம் இதைவிட நுட்பமாகப் பார்த்தவர் கம்பர். அயோத்தியா காண்டத்தில் கூனியை அவர் கொண்டுவரும்போதே, இராவணன் செய்த தீமை உருக்கொண்டு வந்ததுபோலக் 'கொடுமனக் கூனி தோன்றினாள்' என்று சொல்லிவிடுகிறார். அவளைப் பற்றி அவருக்கு எந்த மயக்கமும் இல்லை. ஆனால் உடனேயே, சிறுவனான இராமன் முன்னொரு நாள் விளையாட்டாக வில்லில் வைத்து எய்த மண்ணுருண்டை தன்மேல் பட்டதை அவள் உள்ளத்தில் நினைத்துக்கொள்கிறாள் என்கிறார். காவியத்தின் ஆகப் பெரிய துயரத்துக்கு வித்து, காவியத்தின் ஆகச் சிறந்த மனிதன் சிறுபிள்ளையாய் ஆடிய விளையாட்டில் கிடக்கிறது. அடுத்து கைகேயி. முடிசூட்டுச் செய்தி கேட்ட மகிழ்ச்சியில் கூனிக்கு மாலையைப் பரிசாகக் கொடுப்பவள் அவள். அந்த மனத்தைத்தான் 'தூய சிந்தையும் திரிந்தது' என்கிறார் கம்பர். பால் திரிவதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல பாலை ஊற்றிவிட்டு வேறு பாலை யாரும் அங்கே கொண்டுவந்து வைப்பதில்லை. இருந்த பாலேதான் திரிகிறது.

எனக்கு இது படித்துத் தெரிந்ததைவிட எங்கள் வீட்டில் தெரிந்ததுதான் அதிகம். என் ஆச்சிக்கு அபாரமான நினைவு. தெருவில் யாருக்கு எந்தக் கறி ஆகும், யாருக்கு ஆகாது, எந்தப் பிள்ளை எந்த மாதத்தில் நடந்தது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அம்மை புதுப்பெண்ணாக வந்த நாட்களில், தாயில்லாப் பிள்ளை என்று ஆச்சி பக்கத்தில் உட்கார்த்திவைத்துப் பேச்சுக் கொடுத்திருக்கிறாள். அம்மையும் மனம்விட்டுத் தன் தாயைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள்: கஷ்டத்திலும் ஒரு தடவை சொதி என்னும் தேங்காய்ப்பால் குழம்பு வைத்தது, அதற்கு அரைமூடித் தேங்காயில் மூன்று பால் பிழிந்தது, காய்ச்சலில் வாய் கசந்தால் பழையதில் மாவடு ஊறிய தண்ணீரை விட்டுக் கரைத்துக் கொடுத்தது.

பிறகு ஒரு விருந்து. மாமா வீட்டார் வந்திருந்தார்கள். வாழையிலையில் இஞ்சித் துவையல் வைத்தாயிற்று, அம்மை சொதியை ஊற்றிக்கொண்டு வருகிறாள். வாயுக்காரரான மாமாவின் இலைக்கு மட்டும் உருளைக்கிழங்கை ஒதுக்கி ஊற்றச் சொன்ன ஆச்சி, அதே மூச்சில், "ஏட்டி, உங்க அம்மைன்னா இந்தப் பந்திக்கு எத்தனை காய் உடைப்பா? அரைமூடி போதும்பாளோ?" என்று கேட்டாள். பந்தி சிரித்தது. அம்மையின் கை அந்தரத்தில் நின்றது; அகப்பையிலிருந்து ஒரு சொட்டு இலையின் விளிம்பில் விழுந்ததை நான் பார்த்தேன். அப்போது எனக்கு ஏழு வயது.

அடுத்த வருஷம் அம்மை என் தங்கையை உண்டாகியிருந்தாள். எதைச் சாப்பிட்டாலும் தங்கவில்லை. ஒரு நாள் காலையில், யாரும் கேட்காமலேயே, ஆச்சி ஒரு கும்பாவில் பழையதைக் கரைத்துக்கொண்டு வந்தாள். மாவடுத் தண்ணீர். அது தங்கியது. அந்த மசக்கை முடியும்வரை தினமும் விடியலில் அந்தக் கும்பா வந்தது.

இதில் எது மிகை, எது குறை? எனக்கு அந்தக் கேள்வியே அர்த்தமில்லாததாகப் படுகிறது. ஒரே உட்காரலில் கேட்டு வைத்துக்கொண்ட இரண்டு செய்திகளில் ஒன்றை எடுத்து ஆச்சி குத்தினாள், மற்றொன்றை எடுத்து ஊட்டினாள். இன்னொருத்தியின் மனத்துக்குள் அவ்வளவு தூரம் போகத் தெரியாதவளாக இருந்திருந்தால் அவளால் இரண்டையும் செய்திருக்க முடியாது. இலக்கியம் போய்ச் சேர வேண்டிய இடம் அந்தத் தெரிதல் என்று நினைக்கிறேன். அங்கே நன்மையும் தீமையும் இன்னும் பிரிந்திருக்கவில்லை.

நம் பக்கத்து மண்சிற்பிகள் இதை எப்போதோ செய்து வைத்துவிட்டார்கள். இசக்கியம்மன் சிலை பார்த்திருப்பீர்கள்: வாயில் ஒரு பிள்ளையைக் கடித்திருப்பாள், கையில் ஒரு பிள்ளையை ஏந்தியிருப்பாள். நம்பி மடியில் தலைவைத்துத் தூங்கிய தன்னை நகைக்காகக் கொன்றவனைத் தேடி, கள்ளிக்கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து பழிதீர்த்தவள் என்று வில்லுப்பாட்டில் கேட்கிறோம். அவள் சன்னதியில்தான் பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறார்கள். கடிக்கிற இசக்கிக்கு ஒரு கோயில், ஏந்துகிற இசக்கிக்கு ஒரு கோயில் என்று யாரும் கட்டவில்லை.

உங்கள் நண்பரின் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. வெள்ளையடிப்பது எப்போது நடக்கிறதென்றால், ஒரு தீச்செயலை எழுதியவுடன் கை நடுங்கி, பக்கத்திலேயே ஒரு தர்மத்தைக் கொண்டுவந்து வைக்கும்போதுதான். கையில் இருக்கும் பிள்ளையைக் காட்டினால் வாயில் இருக்கும் பிள்ளைக்கு வலிக்காமல் போய்விடாது. கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' நாவலில் பாம்படம் என்ற காதணிக்காக ஒரு பெண்ணைத் தண்ணீரில் அமுக்கிக் கொன்றவனை ஊர் கழுவேற்றுகிறது. சாகிற நேரத்தில் அவள் அவன் கால் விரலைப் பல்லால் கவ்விக்கொள்வதை கி.ரா. எழுதியிருக்கும் விதத்தைப் பாருங்கள். எந்தச் சமாதானமும் அந்தப் பல்லைக் கழற்றாது. என் அம்மையும் ஆச்சியை மன்னித்ததாக எனக்கு நினைவில்லை. ஆச்சி போன பிறகு எங்கள் வீட்டில் அம்மை கையால் சொதி வைக்கவே இல்லை. மாவடு மட்டும் வருஷா வருஷம் ஊறியது.

அத்தைக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. நாவல் வந்தால் அவர்களும் படிப்பார்கள்.

உங்கள் தாத்தாவிடம் வருகிறேன். விதவையின் வயலை மீட்க அவரால் எப்படி முடிந்தது? எந்த சர்வே நம்பர் எந்த வாய்க்காலில் தண்ணீர் குடிக்கிறது, எந்த வரப்பு எந்தப் பிசானச் சாகுபடியில் ஒரு சாண் நகர்ந்தது, எந்த வருஷத்து அடங்கல் கணக்கில் யார் சாகுபடி என்று எழுதியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. கொழும்புக்காரரின் நிலத்தை மாற்றி எழுதத் தேவைப்பட்டதும் அதே அறிவுதான். எந்தப் பத்தியில் எழுதினால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது அதில் ஒரு பகுதி. ஆகவே வழக்கிலிருந்தும் தொடங்க வேண்டாம், மோசடியிலிருந்தும் தொடங்க வேண்டாம். கார் நெல் அறுவடை முடிந்த ஒரு காலை, கையில் கணக்குக் கட்டோடு அவர் வரப்பில் நடந்து போகட்டும். வயலைப் பார்த்துக்கொண்டே போகட்டும். அவர் என்ன பார்க்கிறார் என்று எழுதுங்கள். அந்த இரண்டு வயல்களும் பக்கத்துப் பக்கத்து மடையில் இருந்தவையா என்று ஊரில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்; தெரிந்தால் எனக்கும் எழுதுங்கள்.