அகஸ்டா சாவேஜும் இடிக்கப்பட்ட யாழும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கச் சிற்பி அகஸ்டா சாவேஜ் 1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்த 'ஹார்ப்' (யாழ்) சிற்பத்தின் புகைப்படத்தைப் பார்த்தேன். கண்காட்சி முடிந்ததும் இடித்துவிட்டார்களாம். மனசே ஆறவில்லை. ஏன் காப்பாற்றவில்லை? மாணவர்களுக்கு வகுப்பு எடுத்த நேரத்தில் அவர் இன்னும் நிறையச் சிற்பங்கள் செய்திருக்கலாமே?

க., திருநெல்வேலி

அன்புள்ள க.,

காரணம் காசுதான். பன்னிரண்டு கறுப்பினப் பிள்ளைகள் உயர வரிசையில் நின்று பாடுகிறார்கள். யாழின் நரம்புகளே அவர்கள்தான். அடியில் தாங்கியிருப்பது கடவுளின் கை. 16 அடி உயரம், ஆனால் அத்தனையும் பிளாஸ்டர், கருங்கல் போலத் தெரியும்படி பூசியது. நிலைக்க வேண்டுமென்றால் அச்செடுத்து வெண்கலத்தில் வார்க்க வேண்டும். அதற்கும் பணமில்லை, எடுத்து வைக்கவும் வழியில்லை. நினைவுப் பொருளாக விற்ற சின்ன உலோகப் பிரதிகளும் புகைப்படங்களும்தான் மிச்சம்.

அவருடைய மற்ற வேலைகளிலும் பல இப்படிப் போனவைதான். 1923-இல் பிரான்சின் ஃபோன்டேன்ப்ளோ கோடைக்காலக் கலைப்பள்ளிக்குத் தேர்வாகி, கறுப்பினப் பெண் என்று தெரிந்ததும் மறுக்கப்பட்டவர் அவர். சும்மா இருக்கவில்லை, பத்திரிகைகளில் அதைப் பெரிய விவகாரமாக்கினார். ஆறு வருடம் கழித்து 'கேமின்' என்ற சிற்பம் வாங்கித் தந்த உதவித்தொகையில்தான் பாரிஸ் போனார். அந்தச் சிற்பம் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதன் படத்தையும் அவசியம் பாருங்கள். சுமார் 9 அங்குலத்தில் ஒரு தெருப் பையன். தொப்பி ஒருபக்கம் சரிந்திருக்கிறது, சட்டைக் காலர் கசங்கியிருக்கிறது. வயதுக்கு மீறிய பார்வை. அதுவும் வண்ணம் பூசிய பிளாஸ்டர்தான். 'ஹார்ப்'பைவிட எனக்கு நெருக்கமானது இதுதான்.

வகுப்பு விஷயத்தில் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாரிஸிலிருந்து திரும்பியபோது அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம். சிற்பம் வாங்க ஆளில்லாத அந்தக் காலத்தில், நியூயார்க்கில் கறுப்பினத்தவர் நிறைய வாழ்ந்த ஹார்லெமில் அவர் கலைப்பள்ளி நடத்தினார்; 1937-இல் ஹார்லெம் சமூகக் கலை மையத்தின் முதல் இயக்குநரானார். 'ஹார்ப்' செய்வதற்காக விடுப்பில் போய்த் திரும்பியபோது அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்தார். அது பெரிய அநியாயம். ஆனால் அங்கே படித்து, பின்னாளில் புகழ்பெற்ற ஓவியரான ஜேக்கப் லாரன்ஸை நினைத்துப் பாருங்கள். அரசின் கலைத் திட்டத்தில் வேலை வாங்கித் தர அவரைக் கூட்டிக்கொண்டு போனார் சாவேஜ். 21 வயது ஆகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். லாரன்ஸ் அதை மறந்தேபோனார். சாவேஜ் மறக்கவில்லை. அடுத்த வருடம் வயது நிரம்பியதும் மறுபடி அதே அலுவலகத்துக்கு அழைத்துப் போய்ச் சேர்த்துவிட்டார். படம் வரைவதற்கே மாதாமாதம் சம்பளம்!