சிட்னி வந்த காட்பாடித் தம்பிக்கு: டாக்டர் ஏன் காசு கேட்கிறார்

தம்பி, பி.ஆர். (நிரந்தரமா தங்கற அனுமதி) வாங்கி குடும்பத்தோட காட்பாடியிலிருந்து வந்திருக்கீங்க. வாடகை, ஸ்கூல், கார் எல்லாம் கேட்டுட்டு, "மெடிகேர் இலவசம்னாங்க, கிளினிக்ல 90 டாலர் கேட்கறாங்க, ஏமாத்தறாங்களா?"ன்னு முடிச்சிருக்கீங்க. மத்ததை யார் வேணா சொல்வாங்க. டாக்டர் விஷயத்தை மட்டும் சொல்றேன்.

ஏமாத்தல. மெடிகேர்ங்கறது இந்த நாட்டு அரசாங்கத்தோட மருத்துவக் காப்பீடு. சாதாரண விசிட்டுக்கு (6 நிமிஷத்துலிருந்து 20 நிமிஷத்துக்குள்ள) மெடிகேர் தர்றது 2025 ஜூலை கணக்குல 43.90 டாலர். டாக்டர் அதுவே போதும்னா அதுதான் பல்க் பில்லிங், நீங்க ஒண்ணும் கட்ட வேண்டாம். 90 கேட்டா 46.10 உங்க கையிலிருந்து போகும்.

இதுல வரியும் ஒரு காரணம். இங்க குடும்ப டாக்டர் பெரும்பாலும் சம்பளக்காரர் இல்ல. வசூல்ல 30, 35 சதவீதத்தை கிளினிக்குக்கு விட்டுட்டு மிச்சத்தை எடுத்துக்குவார். அந்த மிச்சமும் சம்பளம் மாதிரிதான், பேரோல் டாக்ஸ் (சம்பளம் கொடுக்கறவங்க மாநில அரசுக்குக் கட்டற வரி) கட்டணும்னு 2021ல நம்ம நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தீர்ப்பாயம் சொன்னதை 2023ல அப்பீல் கோர்ட்டும் மாத்தல. 43.90ல டாக்டருக்கு 30 போச்சுன்னா கிளினிக்குக்கு 13 சொச்சம். நர்ஸ், வாடகை, ரிசப்ஷன் எல்லாம் அதுலதான். 30க்கு 5.45 சதவீதம் வரி, சுமார் 1.63 டாலர், அந்த 13லிருந்தே போகும். வருஷ சம்பளக் கணக்கு 12 லட்சம் டாலரைத் தாண்டாத சின்ன கிளினிக்குக்கு இந்த வரி இல்ல. வாட்ஸாப் குரூப்ல "டாக்டருங்க பேராசை"ன்னு எழுதறவங்க இந்தக் கணக்கை ஒரு தரம் போட்டுப் பார்க்கணும். மெடிகேர் தொகை பல வருஷம் ஏறாமலே கிடந்தது அதைவிடப் பெரிய காரணம்.

2024 செப்டம்பர் 4 முதல் சிட்னியில 80 சதவீதம், இதே மாநிலத்துல வெளியூர்ல 70 சதவீதம் விசிட்டை பல்க் பில் பண்ற கிளினிக்குக்கு டாக்டர் பங்குக்கான வரி தள்ளுபடி. 79ல நின்னா கிடையாது. குயின்ஸ்லாந்துல அந்த நிபந்தனையே இல்ல, 2024 டிசம்பர் 1 முதல் டாக்டர் பங்குக்கு விலக்கு. விக்டோரியாவுல 2025 ஜூலை முதல் பல்க் பில் பண்ணதுக்கு மட்டும்.

அதனால போன்லயே கேளுங்க: "பெரியவங்களுக்கும் பல்க் பில்லா, குழந்தைக்கு மட்டுமா? சனி, ஞாயிறும் உண்டா?" முன்ன 16 வயசுக்குள்ள இருக்கறவங்க, கன்செஷன் கார்டு (அரசு சலுகை அட்டை) உள்ளவங்களை பல்க் பில் பண்ணா மட்டும் டாக்டருக்கு ஊக்கத்தொகை வந்தது, 2025 நவம்பர் 1லிருந்து மெடிகேர் அட்டை உள்ள யாரை பல்க் பில் பண்ணாலும் வருது. "குழந்தைக்கு மட்டும்"னு கிளினிக் வாசல்ல இருக்கற பழைய போர்டைப் பார்த்துட்டுத் திரும்பிடாதீங்க. மெடிகேர்ல பேங்க் கணக்கைப் பதிஞ்சு வைங்க, இல்லன்னா நீங்க கட்டின காசுல மெடிகேர் திருப்பித் தர்றது வராம நின்னுடும்.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில நேரா ஓ.பி. போய்ப் பெரிய டாக்டரைப் பார்க்கற பழக்கம் நமக்கு. இங்க குடும்ப டாக்டர் லெட்டர் இல்லாம ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போனா அந்த ஃபீஸுக்கு மெடிகேர் பெருசா ஒண்ணும் தராது. அம்மா, அப்பா விசிட்டர் விசால வந்தா மெடிகேர் கிடையாது, இன்ஷூரன்ஸ் எடுத்துட்டுதான் பிளேன்ல ஏத்தணும்.