பறவைக் குழுவில் ஊர்க்கதை

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், பறவை பார்ப்பதில் ஆர்வமுள்ளவர்களுக்காக ஒரு வட்ஸ்அப் குழுவைத் தொடங்கினேன். வாகரையிலிருந்து பொத்துவில் வரை உள்ளவர்கள் அதில் இருக்கின்றனர். தொடக்கத்தில் பறவைப் படங்களும் குறிப்புகளும் மட்டுமே வந்தன. இப்போது காலை வணக்கப் படம், மரண அறிவித்தல், ரியூசன் விளம்பரம், தேர்தல் கதை என்று எல்லாம் வருகின்றன. சென்ற மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தம் வயல் வெள்ளத்தில் மூழ்கியதையும் முகத்துவாரம் இன்னும் வெட்டப்படாததையும் பற்றி நாட்கணக்கில் எழுதிக்கொண்டிருந்ததால், அவருடைய செய்திகளை அழித்து அவரையும் நீக்கினேன். அவரோடு ஐந்து பேர் விலகிவிட்டார்கள். நான் படித்த பாடசாலையின் கிரிக்கெட் போட்டி அழைப்பிதழை நானே ஒருமுறை போட்டதைச் சிலர் இப்போது குத்திக்காட்டுகிறார்கள். பறவைக் குழுவில் பறவையைப் பற்றி மட்டும் கதைக்கச் சொல்வது பிழையா?
— வாசகர் ஒருவர், கல்லடி

பதில்: கதையை வரம்புக்குள் வைக்கச் சொல்வது பிழையல்ல, அதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால், நீங்கள் நீக்கிய ஆசிரியர் அந்த வரம்பை மீறவில்லை. உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். அதில் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் எல்லாவற்றிலும் பறவைக்கு மிக நெருக்கமான செய்தி அவருடையதுதான்.

வாவிக் கரையில் வாழும் உங்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவி, பாலமீன்மடுப் பக்கத்து முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றுப் பக்கத்திலும் கடலோடு சேர்கிறது. கோடையில் அந்த வாயை மணல்திட்டு மூடிக்கொள்கிறது. மாரி மழையில் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து வடியும் வெள்ளம் வாவியில் நிறைந்து, திட்டு தானாக உடையும் வரை, அல்லது வெட்டிவிடப்படும் வரை, கரையோர வயல்களில் ஏறி நிற்கிறது. திட்டு திறந்ததும் நீர் மட்டம் இறங்குகிறது; அதுவரை மூழ்கிக் கிடந்த சேற்றுத் தரை வெளியே தெரிகிறது. மத்திய ஆசிய வலசைப் பாதையில் பறந்து, அதன் தென்கோடியாகிய நம் நாட்டுக்கு வந்து சேரும் உள்ளான்கள் என்ற சிறு கரைப்பறவைகள் இரை தேடுவது அந்தச் சேற்றில்தான். விரல் நீளக் கால் உள்ள குருவிக்கு அரை அடி நீர் நின்றாலும் அங்கே இரையில்லை. அது வேறு இடம் பார்த்துப் போய்விடும். அதே நீரில் நீர்க்காகமும் கூழைக்கடாவும் மீன்பிடிக்கும். ஆகவே முகத்துவாரம் எந்த நாளில் திறந்தது, வயலில் எத்தனை நாள் நீர் நின்றது என்று ஒருவர் நாள் தவறாமல் எழுதிவந்தால், அந்த மாரியில் எந்தப் பறவை ஏன் வந்தது, ஏன் வரவில்லை என்பதற்கான காரணத்தில் பாதியை அவர் எழுதிவைத்துவிட்டார் என்றே பொருள்.

அவர் அதைப் பறவைச் செய்தியாக எழுதவில்லை, மனவேதனையாகத்தான் எழுதினார் என்று நீங்கள் சொல்லலாம். பெரும்போகத்துக்கு விதைத்தது கண்ணெதிரே அழுகும்போது வேறெப்படி எழுதுவார்? அந்த இடத்தில் அட்மினாக இருப்பவருக்கு ஒரு வேலை இருந்தது. "சேர், மூழ்கின வயலில இப்ப என்ன பறவை இறங்குது?" என்று ஒரே ஒரு வரி கேட்டிருக்க வேண்டும். அவர் நிச்சயமாக விடை சொல்லியிருப்பார். கொக்கா, நாரையா, எத்தனை, காலையிலா மாலையிலா என்று அடுத்தவர் கேட்டிருப்பார். பேச்சு எவர் மனமும் நோகாமல் தன் பாதைக்குத் திரும்பியிருக்கும். விலகிப்போகும் பேச்சைக் கேள்வியால் இழுத்துக்கொண்டுவருவதே முதலாவது வழி. அழிப்பதும் நீக்குவதும் மற்ற எல்லா வழியும் தோற்ற பின்னர் எடுக்க வேண்டியவை. நீங்கள் கடைசியில் எடுக்க வேண்டியதை முதலில் எடுத்துவிட்டீர்கள்.

காலை வணக்கப் படம், ரியூசன் விளம்பரம், எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகும் தேர்தல் கதை ஆகியவற்றில் உங்களுக்கு வரும் கோபம் நியாயமானது. அவை தொந்தரவு தருவதோடு நிற்காமல் பதிவையும் கெடுக்கின்றன. ஒருவர் விடியற்காலையில் பெரியகல்லாற்றுப் பக்கம் போய், கருவால் மூக்கன் கூட்டமொன்றைப் படமெடுத்துக் குழுவில் இடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது, கமெரா அந்தப் படத்துக்குள் எழுதிவைத்த நேரமும் இடமும் கழன்றுபோய்விடுகின்றன. படத்தைக் கோப்பாக, அதாவது டொக்கியுமென்ற் என்ற வழியில், அனுப்பினால்தான் அவை தங்கும். ஆகவே பறவையின் பெயர், இடம், திகதி, எண்ணிக்கை ஆகிய நான்கையும் படத்துக்குக் கீழே அவர் கையால் எழுதினால்தான் அது பதிவு. எழுதாவிட்டால் அழகான படம் மட்டுமே. அவர் எழுதிய அந்த நான்கு சொல்லுக்கு மேல் மாலைக்குள் ஐம்பது பூங்கொத்துப் படங்கள் வந்து விழுந்தால், மூன்று மாதம் கழித்து அதைத் தேடுகிறவர் விரல் வலிக்கத் தள்ளித் தள்ளிப் பார்த்துக் கைவிட்டுவிடுவார். 1987இலிருந்து ஆசிய நாடுகளில் ஒவ்வொரு ஜனவரியிலும் நீர்ப்பறவைகளை எண்ணிவருகிறார்கள். அந்த எண்ணிக்கைகளுக்கு மதிப்பு வந்தது, எண்ணியவர்கள் இடத்தையும் நாளையும் தவறவிடாமல் குறித்ததால்தான். உங்கள் குழுவிலுள்ளவர்கள் வாகரைக் கழிமுகத்திலும் பொத்துவில் களப்பிலும் காண்பவையும் அப்படிக் குறிக்கப்பட வேண்டியவை என்பதால்தான் வரம்பு வேண்டும் என்கிறேன்.

வரம்பு என்றால் மற்றப் பேச்சுக்கு வாயடைப்பு என்று பொருளல்ல. வீட்டுக்குள் இடமில்லாததை முற்றத்தில் வைத்துப் பேசுவது நம் வழக்கம். 2022இன் இறுதியிலிருந்து வட்ஸ்அப்பில் கொம்யூனிற்றி என்ற வசதி இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் பல குழுக்களை வைக்கலாம். 'பதிவு' என்று ஒன்றையும் 'முற்றம்' என்று ஒன்றையும் வையுங்கள். முற்றத்தில் கிரிக்கெட்டும் வரட்டும், கல்யாணமும் வரட்டும். அங்கு என்ன வருகிறது என்று நீங்கள் காவல் இருக்கத் தேவையில்லை. இனப்பகையும் வசையும் வந்தால் மட்டும் தலையிட்டால் போதும்.

மரண அறிவித்தலையும் உங்கள் குற்றப்பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். யாரென்றே தெரியாத ஒருவரின் அறிவித்தலைப் பத்துக் குழுக்களுக்குத் தள்ளிவிடுவது வேறு. உங்களோடு சதுப்பில் முழங்காலளவு சேற்றில் நின்ற ஒருவரின் தாய் இறந்த செய்தி வேறு. இரண்டாவது செய்தி எந்தக் குழுவில் வந்தாலும் அதில் கை வைக்காதீர்கள். பறவை பார்க்க ஆட்கள் சேர்ந்து போவது ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் பற்றினாலும்தான். அது அறுந்தால் பதிவு எழுதவும் ஆள் இருக்காது.

நீக்கிய முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அட்மின் ஒரு செய்தியை அழித்தால், அழித்தவரின் பெயரோடு ஒரு வரி அந்த இடத்தில் எல்லோருக்கும் தெரிகிறது. ஒருவரை நீக்கினாலும் அப்படியே. அறுபது வயது கடந்த ஆசிரியர் ஒருவரின் எழுத்து இருந்த இடத்தில், அவருடைய பழைய மாணவர்களும் பார்க்க, அந்த வரி ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றதை எண்ணிப் பாருங்கள். விலகிய ஐந்து பேரும் அதைத்தான் பார்த்திருப்பார்கள். முதலில் தனிச் செய்தியில் சொல்லியிருக்கலாம், தொலைபேசியில் அழைத்திருக்கலாம். எது வரலாம், எது வரக்கூடாது என்று குழுவின் முகப்புக் குறிப்பில் இரண்டு வரியேனும் எழுதிவைத்திருந்தீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எழுதாத சட்டத்தை மீறியதற்காக ஒருவரைத் தண்டிக்க முடியாது.

அந்தச் சட்டம் உங்களுக்கும் உரியது. கிரிக்கெட் அழைப்பிதழைச் சிறு விடயமாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதைப் பெரிதாகவே எடுக்கிறேன். அட்மின் தன் பாடசாலைச் செய்தியைப் போடலாம், அடுத்தவர் தன் வயற்செய்தியைப் போடக்கூடாது என்றால் மற்றவர்கள் அதை ஓரவஞ்சனை என்பார்கள், அவர்கள் சொல்வது சரி. அந்த அழைப்பிதழை நீங்களே எடுத்துவிட்டு, போட்டது தவறென்று அதே குழுவில் எழுதுங்கள்.

இன்னொன்று: மட்டக்களப்பு, அம்பாறை என்ற நம் இரு மாவட்டங்களிலும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே களப்பின் கரையில் நின்று ஒரே பறவையைப் பார்க்கிறார்கள். அம்பாறை மாவட்டத்துக் குமண, 2010இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது; அங்கே போகிறவர் எந்த ஊரவர் என்று எந்த நாரையும் கேட்பதில்லை. ஆனால் தேர்தல் காலத்தில் ஒருவரின் செய்தி அழிக்கப்பட்டு இன்னொருவரின் செய்தி தப்பினால், அழித்தவர் எந்த ஊர், எந்தச் சமயம் என்றுதான் முதலில் பார்க்கப்படும். தனி ஒருவராக இந்தப் பொறுப்பைச் சுமக்காதீர்கள். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்திலிருந்து ஒருவரையும் சிங்களம் தெரிந்த ஒருவரையும் அட்மின்களாகச் சேருங்கள். நீக்குவதென்றால் மூவரும் பேசிய பின்னரே நீக்குங்கள்.

நானும் இந்தப் பிழையைச் செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், இந்தப் பகுதிக்குத் தவறாமல் எழுதிய வாசகர் ஒருவரின் நீண்ட கடிதத்தில், கேட்ட விடயத்தோடு சேராது என்று நான் நினைத்த பாதியை அவருக்கு ஒரு சொல்லும் அறிவிக்காமல் வெட்டி வெளியிட்டேன். வெட்டியது சரியென்று இன்றும் நினைக்கிறேன். அறிவிக்காததை எண்ணினால் இன்றும் கூசுகிறது. அவர் அதன்பின் எழுதவே இல்லை. நான் அவரைத் தேடிப்போக நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டேன், காலம் கடந்துவிட்டது.

உங்களுக்குக் காலம் கடக்கவில்லை. ஜனவரிக் கணக்கெடுப்புக்கு முன்னர் அந்த ஆசிரியரின் வீட்டுக்கு நேரில் போங்கள். வட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அழித்த செய்திகளை அவர் தம் தொலைபேசியிலோ கொப்பியிலோ வைத்திருந்தால், நீர் ஏறிய நாட்களையும் வடிந்த நாட்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, அவர் சம்மதித்தால், அவருடைய பெயரோடு அவற்றைப் 'பதிவு' குழுவின் முதலாவது செய்தியாக இடுங்கள்.