டி பால்மாவின் த்ரில்லர்களில் கதையில் ஓட்டை இருந்தும் ஏன் கொண்டாடுகிறார்கள்?

கதையை விடுங்கள், ஃபோகஸைக் கவனியுங்கள். ஹாலிவுட் இயக்குநர் பிரையன் டி பால்மாவின் ‘ப்ளோ அவுட்’ (1981) படத்தில், பாலத்தில் நடக்கும் காட்சியில் ஆந்தை திரையை அடைத்து நிற்கும். தூரத்தில் மைக்கோடு ஜான் டிரவோல்டா. இரண்டுமே துல்லியம்! சாதாரண லென்ஸில் ஒன்று மங்கிவிடும். இங்கே லென்ஸுக்கு முன்னால் ஸ்ப்ளிட் டயாப்டர் என்ற பாதிக் கண்ணாடி. வெள்ளெழுத்துக் கண்ணாடியைப் பாதியாக வெட்டி மாட்டியது மாதிரி: கண்ணாடி மறைக்கும் பாதி கிட்டத்தைப் பிடிக்கும், மறுபாதி தூரத்தை.

விளிம்பு விழும் இடம் மட்டும் கலங்கும். அதை இருட்டிலோ தூண் ஓரத்திலோ ஒளிப்பார்கள். நடிகர் அந்தக் கோட்டைத் தாண்டினால் முகம் மங்கி, குட்டு வெளிப்பட்டுவிடும்.

நாயகன் ஒலிப்பதிவாளன். தூரத்துச் சத்தம் அவன் காதருகே கேட்பதைத்தான் டி பால்மா கண்ணுக்குக் காட்டுகிறார். கதைச் சுருக்கத்தில் இது எங்கே வரும்?