உதடு அசைந்தால் உயிர் வந்துவிடுமா?

கேள்வி: எங்கள் காலத்துக் கார்ட்டூன்களைப் பாருங்கள். ‘கிளட்ச் கார்கோ’வில் வரைந்த முகத்தில் நிஜ மனித உதடு பேசும். சொற்பச் செலவில் எடுத்தார்கள், ஆனால் உயிர் இருந்தது. இன்று கோடிகளைக் கொட்டி கம்ப்யூட்டரில் செய்கிறார்கள், அந்த உயிரைக் காணோமே, ஏன்?
– வாசகர், காரைக்குடி

பதில்: ‘எங்கள் காலம்’ என்கிறீர்களே, அது எந்தக் காலம்? கிளட்ச் கார்கோ அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தது 1959-ல். சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியதே 1975 ஆகஸ்ட் 15-ல்தான். ஆக, நீங்கள் அதைப் பார்த்தது யூடியூபில், அதுவும் அநேகமாகத் தலை நரைத்த பிறகு. பார்த்ததில் ஒரு தப்பும் இல்லை. அமெரிக்கத் தாத்தாக்களின் சின்ன வயது ஏக்கத்தை இரவல் வாங்கி, அதைக்கொண்டு நம் வீட்டுப் பிள்ளைகள் பார்ப்பதை மட்டம் தட்டுகிறீர்களே, அதுதான் இடிக்கிறது.

சரி, அந்த உதட்டுக்கு வருவோம். எட்வின் கில்லெட் என்ற ஒளிப்பதிவாளர் கண்டுபிடித்த உத்தி அது. பெயர் ‘சிங்க்ரோ-வாக்ஸ்’. விளம்பரப் படங்களில் விலங்குகளைப் பேச வைப்பதற்காகப் பிறந்தது. கிளார்க் ஹாஸ் உருவாக்கிய கிளட்ச் கார்கோவுக்காக கேம்ப்ரியா நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. காரணம் கலை தாகம் என்று நினைத்துவிடாதீர்கள். பேசும் வாயை வசனத்துக்கு ஏற்றபடி படம் படமாக வரைவதற்குக் காசு இல்லை. நடிகரின் வாயை மட்டும் படமெடுத்து, வரைந்த முகத்தின்மேல் ஒட்டினால் வேலை முடிந்தது.

ஸ்பின்னர் என்ற சிறுவன் பேசும் ஒரு காட்சியை நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். கன்னம் அசையாது, தாடை இறங்காது. நடுவில் மட்டும் வயது வந்த ஒரு பெண்ணின் உதடுகள் பளபளக்கும், பல் தெரியும். சில சமயம் உதடு இருக்க வேண்டிய இடத்திலிருந்து கொஞ்சம் நழுவி, தாடைப் பக்கம் போய்விட்டுத் திரும்பும். உங்களுக்கு இதில் உயிர் தெரிகிறது. எனக்கு என்னவோ ராத்திரி தனியாகப் பார்க்கக் கூடாத சமாசாரமாகத்தான் தெரிகிறது.

அந்த உதடுகளுக்குச் சொந்தக்காரர் மார்கரெட் கெர்ரி. 1953-ல் வந்த டிஸ்னியின் ‘பீட்டர் பான்’ படத்தில் டிங்கர் பெல் என்ற குட்டித் தேவதை பறப்பதையும் முறைப்பதையும் வரைவதற்கு ஓவியர்களுக்கு நடித்துக் காட்டியவர் அவரேதான். டிஸ்னியிடம் பணம் இருந்தது. மார்கரெட்டின் உடம்பு முழுவதும் படத்தில் அசைந்தது. ஆறு வருடம் கழித்து கேம்ப்ரியாவில் கட்டுப்படியானது வாய் மட்டும்தான்.

மற்ற வேலைகளும் இதே கணக்கில்தான் நடந்தன. ஆள் நடப்பதைக் காட்டினால் கால்களை வரைய வேண்டும். அதனால் இடுப்புக்கு மேலே மட்டும் காட்டி, படத்தை மேலும் கீழும் ஆட்டினார்கள். அதிர்ச்சி என்றால் கேமராவை ஒரு குலுக்கு. வெடித்தால் நிஜப் புகை. கதையை ஐந்து நிமிடத் துண்டுகளாக வெட்டி, வாரத்தில் ஐந்து நாளும் ஒவ்வொன்றாகப் போடும்படி 52 கதைகள் எடுத்தார்கள். இசைக்குக்கூட பெரிய குழு கிடையாது. இசையமைத்த பால் ஹார்ன், போங்கோ மேளம், புல்லாங்குழல் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய கருவிகளோடு முடித்துக்கொண்டார். அது மட்டும் உண்மையிலேயே நன்றாக இருக்கும்.

பின்னாளில் அமெரிக்கர்களே இந்த உத்தியை எதற்குப் பயன்படுத்தினார்கள் தெரியுமா? கிண்டலுக்கு. 1990-களில் நகைச்சுவையாளர் கோனன் ஓபிரையனின் இரவு நிகழ்ச்சியில் அதிபர் கிளின்டனின் புகைப்படத்தில் வேறொருவர் வாயை ஒட்டிப் பேச வைத்தார்கள். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது.

நீங்கள் நிஜமாகவே சின்ன வயதில் பார்த்திருக்கக்கூடியது தூர்தர்ஷன் போட்ட ‘ஹீ-மேன்’. அதிலும் இதே சிக்கனம்தான். வாளை உயர்த்தும் அதே காட்சி, ஓடி வரும் அதே காட்சி, ஒவ்வொரு வாரமும் வரும். ஆனால் அதை எடுத்த ஃபில்மேஷனுக்கு ஒரு நியாயம் இருந்தது. மற்ற நிறுவனங்கள் கூலி குறைவான ஆசிய நாடுகளுக்கு வரைபட வேலையை அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், ஃபில்மேஷனை நடத்திய லூ ஷைமர் அதை அமெரிக்காவிலேயே வைத்திருக்கப் பார்த்தார். உள்ளூர்ச் சம்பளத்துக்குக் கட்டுப்படியாக வேண்டுமானால் ஒரு முறை வரைந்ததை நூறு முறை ஓட்ட வேண்டும். 1989-ல் அந்த நிறுவனமும் மூடப்பட்டது. அந்தச் சலிப்பூட்டும் ஓட்டத்துக்குப் பின்னால் சிலரது வீட்டு அடுப்பு எரிந்தது என்று தெரிந்த பிறகு எனக்கு அதன்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

‘ஏன் இன்று உயிர் இல்லை’ என்ற கேள்வியையே நான் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைய தொலைக்காட்சிக் கார்ட்டூன்காரர்களும் காசில்லாமல்தான் தவிக்கிறார்கள். கை, கால், தலை என்று தனித்தனியாகச் செய்துவைத்த பொம்மையைக் கம்ப்யூட்டரில் திருப்பித் திருப்பி ஆட்டுகிறார்கள். ஒட்டுப்போட்ட இடம் அன்று கண்ணுக்குத் தெரிந்தது, இன்று தெரியவில்லை, அவ்வளவுதான். உங்கள் மனசைத் தொட்டது அந்த ஒட்டு என்றால் தாராளமாக ரசியுங்கள். அதற்கு ‘உயிர்’ என்று பட்டம் கட்டி, இன்று நள்ளிரவு வரை கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் தலையில் அடிக்க வேண்டாம்.

பழைய மலிவுக் கார்ட்டூனில் உண்மையான கை வேலையைப் பார்க்க ஆசையா? அதே கேம்ப்ரியா 1962-ல் கொண்டுவந்த ‘ஸ்பேஸ் ஏஞ்சல்’ பாருங்கள். அதிலும் ஒட்டுவாய் உண்டு. ஆனால் வடிவமைத்தவர் காமிக்ஸ் ஓவியர் அலெக்ஸ் டாத். கறுப்பு மையை அவர் நிழலாகக் கொட்டியிருக்கும் விதத்தில், அசையாத படமே ஒரு காட்சியாக நிற்கும். வாய் இருக்கும் இடத்தை மட்டும் விரலால் மறைத்துக்கொள்ளுங்கள்.